ஒன்பதாவது மேசை

செவ்வாய்க்கிழமை மாலை, திரும்பி வந்த சாமான்களை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தபோது, ஒன்பதாம் எண் வெப்பமானி ஈரமாக இருப்பதைக் கவனித்தேன். ஒன்பதாவது மேசையில் அன்று யாரும் இல்லை. அது பதினேழுக்கும் பதினெட்டுக்கும் உரிய மேசை. பதினெட்டு, எட்டாவது மேசையில் மூன்றாவது ஆளாக இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினேழு வரவில்லை. வருகைப் பதிவேட்டில் வரவில்லை என்று குறித்ததே நான்தான்.

அந்த மேசைக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு சோதனைக்குழாய் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் உட்புறத்தில் துளிகள் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தன. ஸ்டூலை உள்ளே தள்ளுவதற்காகக் கை வைத்தேன். பலகை வெதுவெதுப்பாக இருந்தது. அந்தப் பக்கம் வெயில் விழுவதில்லை.

பள்ளியில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. வேலை எளிது. காலையில் பன்னிரண்டு மேசைகளிலும் சாமான்களை வைக்க வேண்டும், மாலையில் எண்ணித் திரும்ப எடுக்க வேண்டும். இங்கே எல்லாவற்றுக்கும் எண் உண்டு. வெப்பமானிகளுக்கு ஒன்று முதல் பன்னிரண்டு வரை. ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு ஒன்று முதல் இருபத்துநான்கு வரை. பதிவேட்டிலும் எண்கள்தான். பிசிக்ஸ் மிஸ் எப்போதும் தாமதமாக வருவார், வந்தாலும் முன் மேசையில் உட்கார்ந்து பத்தாம் வகுப்பின் விடைத்தாள்களைத் திருத்துவார் என்பதால் வருகை எடுப்பது என் பொறுப்பாகிவிட்டது.

நான் தலையைக் குனிந்துகொண்டு எண்களைப் படிப்பேன். இருபத்துநான்கு பேர் ஒரே சமயத்தில் என்னைப் பார்ப்பதை நான் பார்க்காமல் இருப்பதற்கான வழி அது. "உள்ளேன் அக்கா" என்று குரல் வந்தால் ஒரு சரி. ஒருத்தி வரவில்லை என்றால் மற்ற எல்லோரும் சேர்ந்து "வரல அக்கா" என்பார்கள். ஒரு கோடு. நிமிர வேண்டிய அவசியமே வந்ததில்லை. "அந்தப் பிள்ளைங்க முன்னாடியாவது வாயத் தொறக்கறியா, இல்ல அங்கயும் முத்து உதிர்ந்துடும்னு மூடி வெச்சிருக்கியா?" என்று அம்மா போனில் கேட்பாள். திறக்கிறேன் என்பேன். ஒன்றிலிருந்து இருபத்துநான்கு வரை திறக்கிறேன்.

ஈர வெப்பமானி அன்று முதல் முறையல்ல. முந்தின வாரமும் இருந்தது, அதற்கு முந்தின வாரமும். விளக்கம் ஒன்று கிடைத்ததும் யோசிப்பதை நிறுத்திக்கொள்கிற ஆள் நான். துடைக்க மறந்திருப்பேன், வேறு மேசைப் பெண் யாராவது எடுத்திருப்பாள். ஆனால் ஸ்டூலின் சூட்டுக்கு என்னிடம் விளக்கம் இல்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் உள்ளங்கையில் அந்த வெதுவெதுப்பு இருந்தது. பதிவேட்டில் பதினேழுக்கு எதிரே எத்தனை கோடுகள் என்று நினைத்துப் பார்த்தேன். ஏழு. தொடர்ச்சியாக ஏழு செவ்வாய்க்கிழமைகள். ஏழு வாரம் ஒருத்தி வராமலிருந்தால் யாராவது பேசியிருக்க வேண்டாமா?

அடுத்த செவ்வாய் வருகை எடுத்தேன். "பதினேழு." "வரல அக்கா." கோடு போட்டேன். வழக்கமாக அதன்பிறகு பின்னறைக்குப் போய்விடுவேன். அன்று போகவில்லை. மேசைகளுக்கு நடுவே நடந்து, ஆய்வகத்தின் நடுத்தூணைச் சுற்றிப் பின்னால் போனேன். என் மேசையிலிருந்து பார்த்தால் ஒன்பதாவது மேசையைத் தூண் மறைக்கும்.

ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

ஒல்லியான பெண். இரட்டைப் பின்னலை ஒழுங்காக மடித்துக் கட்டியிருந்தாள். தண்ணீர்க் குவளைக்குள் வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை அதன் மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படிப் பார்க்க வேண்டும் என்று புத்தகத்தில் படம் போட்டிருக்குமே, அப்படி. என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"நீ எந்த நம்பர்?"

"பதினேழு அக்கா." குரல் வரவில்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

"வரலன்னு சொன்னாங்களே."

"ஆமாக்கா."

"ஏழு வாரமா இங்கதான் உக்காந்திருக்கியா?"

தலையாட்டினாள்.

"அப்போ கூப்பிட்டப்போ ஏன் சொல்லல?"

அவள் அடுப்பின் நீலச் சுடரைப் பார்த்தாள். "சொன்னா நாள் கூடும்கா."

மிஸ் இன்னும் வந்திருக்கவில்லை. எனக்கு என்ன வந்ததோ, திரும்பி, வகுப்பைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன். "பதினேழு இங்கதான் இருக்கா."

பேச்சு நின்றது. இருபத்துமூன்று முகங்களும் திரும்பின. எல்லாம் என்னைத்தான் பார்த்தன. ஒரு கண்கூட எனக்குப் பக்கத்தில் நின்றவள் மேல் படவில்லை. கேலி இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இல்லை. உடம்பு சரியில்லாதவளைப் பார்ப்பதுபோல் கவலையோடு பார்த்தார்கள். வகுப்பு லீடர் எழுந்து வந்தாள். நான் கை நிறையச் சாமான்களோடு வரும்போதெல்லாம் ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொள்ளும் பெண். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்கக்கா. காலையில சாப்பிட்டீங்களா?" தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். அவளுக்கும் பதினேழுக்கும் இடையே ஒரு சாண் கூட இல்லை. லீடரின் பார்வை அந்த இடத்தைக் கடக்கும்போது, சன்னல் கண்ணாடி வழியாக வெளியே பார்ப்பதுபோல் கடந்தது. எங்கேயும் தட்டவில்லை.

நான் அந்தத் தண்ணீரைக் குடித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மணி அடித்தபிறகு ஏழரை பின்னறைக்கு வந்தாள். ஏழாம் எண். வாரத்துக்கு ஒன்றாவது உடைப்பாள் என்பதால் எல்லோரும் வைத்த பெயர் ஏழரை. கையில் விரிசல் விட்ட ஒரு பீக்கர்.

"ஏழரை வந்தாச்சுக்கா. நானும் உடைக்கலன்னா இந்த லேப்ல உங்களுக்குப் பேச்சுத் துணைக்கு யாரு இருக்கா?"

விரிசலைப் பார்த்தேன். போன மாதமே உடைந்து, நான் ஒதுக்கி வைத்திருந்த பீக்கர் அது. அவளும் நான் கண்டுபிடித்ததைப் பார்த்தாள். கதவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவ லீவுல இருக்காக்கா."

"லீவா?"

"நாங்க அப்படித்தான் சொல்லுவோம். யாரும் அடிக்க மாட்டாங்க, திட்ட மாட்டாங்க, பையில கை வைக்க மாட்டாங்க. வரலைன்னு வெச்சுப்போம், அவ்ளோதான். நாலு நாள், அஞ்சு நாள். அப்பறம் ஒரு நாள் காலையில யாராவது 'ஹோம்வொர்க் முடிச்சியா'ன்னு கேப்பாங்க. லீவு முடிஞ்சுதுன்னு அர்த்தம். இவளுக்குத்தான் முடியவே மாட்டேங்குது."

"லீடர் சொல்லுவாளா, இன்னாருன்னு?"

"யாரும் சொல்றதில்லக்கா. காலையில வந்தா தெரியும்."

"எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்வியை அவள் அதுவரை கேட்டுக்கொண்டதே இல்லை போலிருந்தது. "எல்லாருக்கும் தெரியும்கா. உங்களுக்கும் தெரிஞ்சுதே. பதினேழுன்னு கூப்பிடறப்போ மட்டும் நீங்க குரலைக் கொறச்சுக்குவீங்க. நாங்க கவனிச்சிருக்கோம்."

நான் பீக்கரை வாங்கி, ஏற்கெனவே அது இருந்த இடத்தில் வைத்தேன்.

எதற்காக என்று கேட்டேன். நாப்தலீனுக்காக என்றாள். பாச்சை உருண்டையை உருக்கி, அது ஆறும்போது அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறிக்கும் சோதனை. இந்த வகுப்பில் அளவை யாரும் பார்ப்பதில்லை. லீடர் புத்தகத்தில் உள்ளதைச் சொல்வாள், எல்லோரும் எழுதுவார்கள். எண்பது டிகிரி. அன்று பதினேழு மட்டும் எழுபத்தாறு என்று எழுதினாள். ஒன்பதாம் எண் வெப்பமானி எப்போதும் நான்கு டிகிரி குறைத்துக் காட்டும். பழுதானது. அதை மிஸ்ஸிடம் சொன்னது நான். மிஸ் அவள் நோட்டைத் தூக்கிக் காட்டி, "பழுதான தெர்மாமீட்டர்ல பழுதான அளவுதான் வரும். இவ ஒருத்திதான் கண்ணால பாத்து எழுதியிருக்கா. மத்தவங்க எல்லாரும் திரும்ப எழுதிட்டு வாங்க, முதல் பக்கத்துலேர்ந்து" என்றார். இருபத்துமூன்று பேர் திரும்ப எழுதினார்கள். அடுத்த செவ்வாய் நான் முதல் கோட்டைப் போட்டேன்.

"எனக்கும் போன வருஷம் நாலு நாள் கெடச்சுதுக்கா" என்றாள் ஏழரை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "மூணாவது நாள் வீட்டுல அம்மா என்னைக் கூப்பிட்டாங்க. யாரையோ கூப்பிடறாங்கன்னு நெனச்சு நான் பேசாம உக்காந்திருந்தேன். அம்மா வந்து தோளைத் தொட்டப்போ தூக்கிவாரிப் போட்டுது."

அவள் போனபிறகு பதிவேட்டைத் திறந்தேன். இருபது செய்முறை வகுப்புகளில் பதினைந்துக்கு வந்திருந்தால்தான் செய்முறைத் தேர்வு எழுத விடுவார்கள். பட்டியல் வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்குப் போக வேண்டும். பதினேழுக்கு இருந்தவை பன்னிரண்டு. மீதி எட்டுக் கோடுகளும் ஒரே நீளத்தில், அளவுகோல் வைத்துப் போட்டதுபோல் நேராக இருந்தன. என் கை எப்போதும் சுத்தமாக எழுதும். ஒரு பெண்ணின் ஒரு வருடம் என் கையால் போகப்போகிறது.

படிக்கிற காலத்தில் பள்ளியின் சேர்ந்திசைக் குழுவில் இருந்தேன். கடைசி வரிசை. பாடமாட்டேன், வாயை மட்டும் அசைப்பேன். யாரும் கண்டுபிடித்ததில்லை. அன்று இரவு சாப்பிடும்போது ஏனோ அது ஞாபகம் வந்தது.

வியாழக்கிழமை பிசிக்ஸ் மிஸ்ஸிடம் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். தாளைப் பார்க்காமல் சொல்லிவிட்டேன். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை, என் தவறு, அந்த எட்டையும் திருத்திக் கையெழுத்துப் போடுங்கள்.

மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். "க்ளாஸ் ரெஜிஸ்டர்ல வந்திருக்கா, லேப் ரெஜிஸ்டர்ல வரல. காலையில வந்துட்டு லேப் நேரத்துக்கு மட்டும் மட்டம் போடறது என்ன புதுசா? நான் போடாததா?"

"இல்ல மிஸ். இருந்தா. தூணுக்குப் பின்னாடி."

"எட்டு வாரமா ஒரு பொண்ணு தூணுக்குப் பின்னாடி இருந்தா, உனக்குத் தெரியலையா?" கோபமாகக் கேட்கவில்லை. கேள்வி நியாயமானது. அவரும் அதே அறையில்தான் எட்டு வாரம் இருந்தார் என்பதை நான் சொல்லவில்லை.

லீடரையும் பதினேழையும் வரச் சொல்லி ஆள் அனுப்பினார். இருவரும் சேர்ந்தே வந்தார்கள். லீடரின் கை பதினேழின் தோளில் கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது.

"நீ லேப்புக்கு வந்தியா, வரலையா?"

பதினேழு நேராக மிஸ்ஸைப் பார்த்தாள். இப்போது குரல் தெளிவாக இருந்தது.

"வரல மிஸ்."

நான் ரெக்கார்டு நோட்டைக் கேட்கச் சொன்னேன். அந்த எட்டு நாளின் அளவுகளும் அதில் இருக்கும். அவள் கையோடு கொண்டுவந்திருந்தாள். மிஸ் பக்கங்களைப் புரட்டினார். அந்தப் பருவம் முழுக்க வெப்பம் பற்றிய சோதனைகள்தான். தண்ணீர் கொதித்தது நூறில். பனிக்கட்டி உருகியது பூஜ்யத்தில். நாப்தலீன்கூட இப்போது எண்பது. பக்கங்களின் நடுமடிப்பில் ரப்பர் துகள்கள் சாம்பல் நிறத்தில் ஒட்டியிருந்தன.

"நல்லாப் பாரு" என்று மிஸ் என் பக்கம் நோட்டைத் திருப்பினார். "ஒன்பதாம் நம்பர் நாலு கொறைச்சுக் காட்டும்னு நீதானே சொன்ன? அதுல பாத்திருந்தா கொதிக்கறது தொண்ணூத்தாறுல்ல இருக்கணும். ஒண்ணு கூட அப்படி இல்ல. இவ அந்த மேசைல உக்காரவே இல்ல. பின்னாடி யாரையோ பாத்து எழுதியிருக்கா."

கணக்கு சரியாக இருந்தது. எங்கேயும் பிழை சொல்ல முடியாத கணக்கு.

அப்போது லீடர் தன் நோட்டுக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மிஸ்ஸிடம் கொடுத்தாள். விண்ணப்பம். இந்த மாணவிக்குச் செவ்வாய்க்கிழமைகளில் தலைவலி வந்து ஓய்வறையில் இருக்க நேர்ந்தது, பெரிய மனது பண்ணித் தேர்வு எழுத அனுமதிக்க வேண்டும் என்று வகுப்பு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. கீழே இருபத்துநான்கு கையெழுத்துகள். கடைசியில் பதினேழின் கையெழுத்து. எல்லாம் ஒரே பேனா. ஒரே சாய்வில் இருந்ததால் தூரத்திலிருந்து பார்க்கும்போது ஒரே ஆள் இருபத்துநான்கு முறை எழுதியதுபோல் தெரிந்தது.

மிஸ்ஸின் முகம் இளகிவிட்டது. "என்ன ஒத்துமை பாரு. எங்க காலத்துல ஒருத்தி ஃபெயிலானா அடுத்தவ சந்தோஷப்படுவா." கையெழுத்துப் போட்டார். பிறகு தாளை என்னிடம் தள்ளினார். "நீயும் ஒண்ணு போட்டுடு. தலைவலியா இருந்துது, உனக்குத் தெரியும்னு. முடிஞ்சுது."

முடிந்தது. அவள் தேர்வு எழுதுவாள். என் எட்டுக் கோடுகளும் இனித் தவறில்லை, சரியாகப் போடப்பட்டவை. யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. பதினேழு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை கெஞ்சியது என்றுதான் அப்போது நினைத்தேன். போட்டேன்.

"தேங்க்ஸ்க்கா" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

வாசலில் லீடர் நின்று திரும்பினாள். "அக்கா, உங்ககிட்ட யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல" என்றேன்.

அவள் சிரித்தாள். எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் எங்கேயும் போகவில்லை என்று தெரிந்ததும் மெதுவாக விட்டாள்.

அதற்கடுத்த செவ்வாய் காலை வெப்பமானிகளைச் சரிபார்த்தேன். மாதத்துக்கு ஒருமுறை பன்னிரண்டையும் ஒரே தொட்டித் தண்ணீரில் நிறுத்தி, அளவுகளை நோட்டில் குறிக்க வேண்டும். ஒன்று, இருபத்தொன்பது. இரண்டு, இருபத்தொன்பது. வரிசையாக எழுதிக்கொண்டே போனேன். பன்னிரண்டு வரை எழுதி முடித்து, மூடி வைத்துவிட்டுத்தான் உறைத்தது. திறந்து பார்த்தேன். ஒன்பது, இருபத்தொன்பது. தொட்டியைத் திரும்பிப் பார்த்திருக்கலாம். மாணவிகள் வரத் தொடங்கியிருந்தார்கள்.

வருகை எடுத்தேன். தலையைக் குனிந்துகொண்டுதான். ஒன்று, உள்ளேன் அக்கா. ஆறு வரை வந்தது.

"ஏழு."

"வரல அக்கா."

எல்லாக் குரல்களுக்கும் அரை நொடி முன்னால் ஒரு குரல் தொடங்கியது. தெளிவான குரல். போன வியாழக்கிழமை "வரல மிஸ்" என்ற அதே குரல். அதைவிட இன்னொன்றைத்தான் அப்போது கவனித்தேன். ஏழு என்று நான் கூப்பிட்டது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

பேனா கட்டத்தின் மேல் இருந்தது. நிமிர்ந்தேன்.

நான்காவது மேசையில் எட்டு மட்டும் இருந்தாள். எட்டாவது மேசையில் பதினேழும் பதினெட்டும் மற்ற இருவரோடு நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பதிவேட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு எழுந்தேன். நடக்கும்போது என் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

தூணுக்குப் பின்னால் ஏழரை உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் மடியில் வைத்து, எதையும் தொட்டுவிடக்கூடாது என்பதுபோல். முன்னால் குவளைத் தண்ணீர், அதில் நான் காலையில் வைத்த ஒன்பதாம் எண் வெப்பமானி. பக்கத்து ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. நான் வந்தது தெரிந்ததாகக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை.

"எவ்ளோ காட்டுது?" என்று கேட்டேன்.

தூணுக்கு அந்தப் பக்கம் ஸ்டூல்கள் நகர்ந்தன. நான் யாரோடு பேசுகிறேன் என்று பார்க்க எட்டிப் பார்க்கிறார்கள்.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியலம்மா. நீ பாத்துச் சொல்லேன்."

வெகு நேரம் கழித்து அவள் குனிந்தாள். கண்ணைப் பாதரசத்தின் மட்டத்துக்குக் கொண்டுவந்தாள். நானும் குனிந்தேன். எங்கள் தலைகள் இரண்டும் கிட்டத்தட்ட இடித்துக்கொண்டன. அவளுடைய மூச்சு கண்ணாடிக் குவளையில் படிந்து மறைந்தது. இருபத்தைந்து. பழுது அப்படியேதான் இருந்தது. காலையில் பார்க்காமல் எழுதியது நான்.

ஏழரை பென்சிலை எடுத்து நோட்டில் இருபத்தைந்து என்று எழுதினாள், மிகச் சிறியதாக. எழுதிவிட்டு, மற்றொரு கையால் பெட்டிக்குள் ரப்பரைத் தேடினாள்.

பதிவேடு என் மடியில் திறந்திருந்தது. பேனா முனை ஏழாம் கட்டத்தில் ஊன்றியபடியே இருந்திருக்கிறது. எடுக்கவில்லை. மை ஒரு பொட்டாக இறங்கி, கட்டத்தின் கோட்டைத் தொட்டு, அதைத் தாண்டிப் பரவிக்கொண்டிருந்தது.